ஜேக்கப்ஸ் பட்டறையும் இறுகிப்போன டாப்பெட் திருகுகளும்

டர்பனின் ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டையில், கிளேர்வுட் பக்கமாக ஒரு சந்துக்குள், பழைய கார் எஞ்சின்களை மட்டுமே எடுத்துச் செய்யும் சிறிய பட்டறை ஒன்று இருக்கிறது. கையில் இருக்கும் வேலையே போதும், பெயரைப் போட்டு எழுதிவிடாதே என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டதால், பெயரை விட்டுவிட்டு வேலையின் தரத்தை மட்டும் எழுதுகிறேன். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இது உதவும். யூட்டன்ஹேகில், அதாவது இன்றைய கரியேகாவில், 1951 முதல் 1979 வரை அந்த வண்டி தயாரானதால் தென்னாப்பிரிக்காவில் அதற்கு உதிரி பாகங்களுக்குப் பஞ்சமில்லை. கொட்டகையில் வருடக்கணக்காக நின்று துருவேறிய எஞ்சின்களுக்கும் பஞ்சமில்லை.

என்னுடையது 1968ஆம் ஆண்டு வண்டி, 1500 சிசி எஞ்சின். பிளஃப் பகுதியில் கடற்காற்று நேராக அடிக்கும் ஒரு கொட்டகையில் நெடுநாள் நின்றிருந்தது. எட்டு வால்வுகளில் இரண்டின் டாப்பெட் திருகுகள், அதாவது வால்வின் இடைவெளியைச் சரிசெய்யும் திருகுகள், அசையவே இல்லை. அவற்றில் ஒன்று மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுக்குரியது, புகை வெளியேறும் வால்வு அது. நான் முதலில் வண்டியைக் காட்டிய வேறோர் இடத்தில், எஞ்சினிலேயே வைத்து ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கி, அந்தத் திருகின் தலைப்பிளவில் ஒரு பக்கத்தை உடைத்து அனுப்பினார்கள். அந்த நிலையில்தான் ஜேக்கப்ஸுக்குப் போனேன்.

இந்தத் திருகு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அந்த மெக்கானிக் எனக்குச் சொன்ன விதமே பட்டறையின் மீது எனக்கு நம்பிக்கையை உண்டாக்கியது. பீட்டிலில் வால்வைத் திறக்கும் நெம்புகோலான ராக்கர் ஆர்மின் ஒரு முனையைப் புஷ் ராட் என்னும் கம்பி தள்ளுகிறது. மறுமுனையில் இருக்கும் திருகு வால்வின் தண்டை அழுத்துகிறது. திருகுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.15 மில்லிமீட்டர், அதாவது 0.006 அங்குலம், இடைவெளி இருக்க வேண்டும். பழைய கையேடுகள் சிலவற்றில் 0.10 என்றிருக்கும், பின்னாளில் கம்பெனியே அதைக் கூட்டியது. ஓட ஓட வால்வு தன் இருக்கையில் மெல்ல உள்வாங்குவதால் இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். இடைவெளி அடியோடு போய்விட்டால் வால்வு முழுதாக மூடாது. மூடாத எக்ஸாஸ்ட் வால்வுக்குத் தன் சூட்டை இருக்கைக்குக் கடத்த வழியில்லாமல் விளிம்பு எரிந்துபோகும். "சத்தம் போட்டா பயமில்ல தம்பி, சத்தம் நின்னா பயப்படு" என்று, இடைவெளி இருந்தால் வரும் டக்டக் சத்தத்தைக் குறித்து அவர் சொன்னார். தமிழில் அவர் பேசியது அவ்வளவுதான், மற்றதெல்லாம் ஆங்கிலம். பழைய பீட்டில்களில் எண்ணெயின் சூட்டைத் தணிக்கும் ஆயில் கூலர், மூன்றாம் சிலிண்டரைக் குளிர்விக்கப் போகும் காற்றின் வழியிலேயே நிற்பதால் அந்தச் சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக ஓடும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், எனக்கு இறுகியிருந்தது இருக்கவே கூடாத இடத்தில் என்பது விளங்கும்.

அவர் எஞ்சினில் வைத்து எதையும் முறுக்கவில்லை. 13 எண் ஸ்பேனரால் இரண்டு நட்டுகளைக் கழற்றி, ராக்கர் தண்டையே ஆர்ம்களோடு வெளியே எடுத்து, செம்புத் தகடு வைத்த வைஸில் பிடித்தார். எஞ்சினில் வைத்து முறுக்கினால் அந்த விசை வால்வுத் தண்டுக்கும் புஷ் ராடுக்கும் போகும், திருகின் தலையும் உடையும் என்பது அவர் கணக்கு. என் திருகே அதற்குச் சாட்சியாக எதிரில் கிடந்ததால் நான் மறுபேச்சுப் பேசவில்லை.

வெளியே எடுத்துப் பார்த்தபோது இரண்டு திருகுகளுக்கும் நோய் ஒன்றல்ல என்பது தெரிந்தது. ஒன்று வெறும் துரு. மற்றொன்றின் கீழ்முனை, வால்வுத் தண்டில் பல்லாயிரம் மைல் அடிபட்டு, காளான் குடைபோல விரிந்திருந்தது. அப்படி விரிந்த முனை மரைக்குள் நுழையாது, ஆகவே அந்தத் திருகை மேல்நோக்கி எவ்வளவு முறுக்கினாலும் ஓரளவுக்கு மேல் ஏறாது. அதைக் கீழ்ப்பக்கமாக இறக்கித்தான் எடுக்க வேண்டும். ஆனால் மேலே, திருகு நகராமல் பிடித்துவைக்கும் லாக்நட்டை யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருந்ததால் அங்கே மரை நசுங்கியிருந்தது, உடைந்த தலைப்பிளவின் ஓரமும் பிதுங்கியிருந்தது. அப்படியே இறக்கினால் ஆர்மின் மரையையும் சேர்த்து உழுதுவிடும். அவர் ஒரு சின்ன முக்கோண அரத்தை எடுத்து, அந்தப் பிதுங்கலைச் சுற்றிலும் மரையின் சாய்விலேயே இழைத்து எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நகத்தால் தடவிப் பார்த்து, மறுபடி இழைத்தார். அந்த அரை மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் கூலி வாங்கினார் என்றால், அது நியாயமான கூலி.

துருப்பிடித்த திருகுக்கு வேறு வைத்தியம். முதலில் ஆறு முக ரிங் ஸ்பேனரால் லாக்நட்டை இளக்கினார். பன்னிரண்டு முக ஸ்பேனர் பழைய நட்டின் முனைகளை மழுக்கிவிடும் என்பதால் அதைத் தொடவே இல்லை. பிறகு தானியங்கி கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதியாகக் கலந்து, இரண்டு பக்கமும் விட்டு, ஓர் இரவு ஊற வைத்தார். கடையில் விற்கும் துரு இளக்கும் எண்ணெய்களைவிட இந்தக் கலவை மேலானது என்று அவர் நம்புகிறார். ஆனால் அவர் அதை விட்டுவிட்டு ஊறவைக்கும் நேரத்தை மட்டும் கூட்டியிருந்தாலும் பலன் ஏறக்குறைய அதேதான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். மறுநாள் கலவையை நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகே தீயை எடுத்தார், ஏனென்றால் அசிட்டோன் சட்டென்று பற்றிக்கொள்ளும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பட்டறையில் இந்த வேலைக்கு அனுமதிப்பதே இல்லை; அது தீயில் பட்டால் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு வரும்.

தீயைத் திருகில் காட்டாமல், அதைச் சுற்றியுள்ள ஆர்மில் காட்டினார். சூட்டில் துளை விரிய வேண்டும், திருகு விரியக் கூடாது. சிவக்கும் அளவுக்குச் சூடேற்றவில்லை. சிவந்தால் இரும்பின் பதம் போய், புஷ் ராட் அமரும் குழி சீக்கிரம் தேய்ந்துவிடும். சூடு இருக்கும்போதே மெழுகுவத்தியை மரையில் வைத்தார், உருகிய மெழுகை மரை உள்ளே இழுத்துக்கொண்டது. பஞ்ச் எனப்படும் ஓர் இரும்புத் தண்டைத் திருகின் தலையில் வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டிவிட்டு, பிளவின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் டிரைவரை வைத்து, முதலில் இறுக்கும் பக்கமாகச் சிறிதளவு அசைத்து, பிறகு கழற்றும் பக்கமாகத் திருப்பினார். துருப்பொடி உதிர, திருகு வந்தது.

எட்டுத் திருகுகளையும் எட்டு லாக்நட்டுகளையும் புதிதாக மாற்றச் சொன்னேன், மாற்றினார். ராக்கர் தண்டைத் திரும்பப் பொருத்தியபோது நட்டுகளை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினார். திருகின் முனை வால்வுத் தண்டின் நடுவில் படாமல் சற்றே விலகிப் படும்படி ஆர்மை நகர்த்தி வைத்தார். அப்படிப் பட்டால்தான் வால்வு ஓடும்போது மெல்லச் சுழன்று ஒரே இடத்தில் தேயாமல் இருக்கும். இதைக் கவனிக்காத பட்டறைகளே அதிகம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் போன் செய்வதாகச் சொன்னார்கள், செய்யவில்லை; நான்தான் கூப்பிட்டுக் கேட்டேன். காவடி வாரத்தில் பட்டறை மூடியிருக்கும் என்பதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இதைவிடப் பெரிய குறை, வால்வு மூடியில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் கார்க் கேஸ்கட்டில்தான். அவரிடம் வேலை கற்கும் பையன் அதன் இருபக்கமும் சிலிகோன் பசை தடவி ஒட்டிவிட்டான். கேஸ்கட் மூடியோடு மட்டும் ஒட்டியிருக்க வேண்டும், சிலிண்டர் ஹெட் பக்கம் காய்ந்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை இடைவெளி பார்க்கத் திறக்கும்போது கார்க் பிய்ந்துதான் வரும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டிய எஞ்சினில் இது சின்ன விஷயமில்லை. சொன்னதும் புதிய கேஸ்கட் போட்டுக் கொடுத்தார்கள், அதற்குக் காசு கேட்கவில்லை.

பில்லில் கூலியும் பொருளும் தனித்தனியாக இருந்தன, கழற்றிய பழைய திருகுகளை ஒரு டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். அவசரத்துக்கு வண்டி வேண்டுமென்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. உடைந்த திருகோடு வேறெங்கிருந்தாவது திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மட்டும், எஞ்சினைத் தொடாமல், வண்டியை அப்படியே அங்கே இழுத்துக்கொண்டு போகலாம். கேஸ்கட்டைப் பொருத்தும்போது மட்டும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.