ஹெட்லைட்டைத் திறக்க: ஓவனா, ஹீட் கன்னா?

காரின் ஹெட்லைட் கண்ணாடியையும் பின்கூட்டையும் பிணைப்பது சூட்டில் இளகும் ரப்பர் வகையான பியூட்டைல் பசையாக இருந்தால், அதை இளக்க வீட்டில் ஓவனையோ, சுடுகாற்றை ஊதும் ஹீட் கன்னையோ பயன்படுத்தலாம்.

ஓவனில் வெப்பம் சுற்றிலும் பரவுவதால், பல்புகளையும் திருகுகளையும் கழற்றிவிட்டு, ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் வைத்தால் பசை எல்லாப் பக்கமும் இளகி, தட்டைத் திருப்புளியால் ஒரு மூலையை நெம்பியதும் கறுப்பு இழைகளாக நீண்டு விலகுகிறது. கண்ணாடி எனப்படும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஏறக்குறைய 147 டிகிரியில்தான் இளகத் தொடங்கும் என்றாலும், சூடேறும் கம்பிக்கு அருகில் வெப்பம் குறித்த அளவைத் தாண்டும் என்பதால் விளக்கை நடுத்தட்டில் வைப்பது அவசியம். நம் வீடுகளிலுள்ள சிறிய ஓவன்களில் பெரிய ஹெட்லைட்டுகள் நுழையவே நுழையா என்பதுதான் பெருங்குறை. சமைக்கும் ஓவனில் பிளாஸ்டிக்கைச் சூடாக்க வீட்டார் சம்மதிப்பார்களா என்பது வேறு விஷயம்.

ஹீட் கன்னுக்கு அந்த இடத்தடை இல்லை. ஆனால் அதன் முனையில் வெப்பம் 500 டிகிரியையும் எட்டக்கூடும். ஓரிடத்தில் சற்று அதிகம் நிறுத்தினாலே விளிம்பு நெளிந்துவிடும், நெளிந்த விளிம்பில் பின்னர் எவ்வளவு பசை வைத்தாலும் ஈரம் புகுந்து, மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்புறம் பனிக்கும்.

உள்சட்டத்துக்குக் கறுப்பு வண்ணம் அடிக்க முழுதாகத் திறப்பவருக்கு ஓவனையே பரிந்துரைப்பேன். ஒரு மூலையின் கசிவை மட்டும் அடைப்பவருக்கு ஹீட் கன் போதும். கடினமாக இறுகும் பாலியூரித்தேன் பசையிட்ட விளக்குகளுக்கு இரண்டுமே பெரிதும் உதவா. அவற்றை அறுத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும்.