மாதச் சம்பளக்காரர் அளவுக்குத் தைத்த சட்டை

மன்னார்குடி பந்தலடியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் என் தையல் கடை இருக்கிறது. வீடு வடுவூர்ப் பக்கம். கடை வருமானம் தினமும் வரும். சில நாள் 300 ரூபாய், முகூர்த்தக் காலத்தில் 2,000கூட. வயல் வருமானம் ஆண்டுக்கு இரண்டு முறை வரும், தண்ணீர் வந்தால். நிலம் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். அதை என் கணவர் பார்த்துக்கொள்கிறார். இந்த இரண்டு வருமானத்துக்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்க ஒரு செயலி தேடினேன். ஓராண்டுக்குள் நான்கைப் பார்த்து மூன்றை விலக்கிவிட்டேன். எது ஏன் போனது, எது ஏன் தங்கியது என்று எழுதி வைத்தால் எங்களைப் போன்ற வீடுகளுக்கு உதவும்.

தேட வைத்தது 2024-ஆம் ஆண்டுதான். வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்க வேண்டிய மேட்டூர் அணையை அந்த ஆண்டு ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் குறுவை போட்டார்கள். ஆற்றுப் பாசனத்தை நம்பிய நாங்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். குறுவை இல்லை என்றால் தை மாதம் வரை கடை வருமானம்தான். கையில் எவ்வளவு இருக்கிறது, தை வரை எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கல்யாணமான நாள் முதல் கணக்கு நோட்டு எழுதுகிறேன். ஆனால் அந்த நோட்டு போன செலவைத்தான் சொல்லும். இனி வரப்போவதைச் சொல்லாது. தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கும் என் மகள், "அம்மா, இதற்கெல்லாம் செயலி இருக்கிறது" என்று சொல்லி என் கைப்பேசியில் ஒன்றை இறக்கிக் கொடுத்தாள்.

அது வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளைப் படித்துத் தானே கணக்கு எழுதும் வகை. (ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அதில் செயலிகளுக்குக் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியே கிடையாது.) முதல் வாரம் பிரமித்துப் போனேன். நூல்கண்டு வாங்கிவிட்டுக் கடைக்குத் திரும்புவதற்குள் கணக்கில் ஏறியிருக்கும். இரண்டாவது வாரம்தான் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் 'இதர செலவு'. காரணம் எளிது. பால்காரர், கீரைக்காரம்மா, மீன்காரர் எல்லோரும் சொந்தப் பெயரில்தான் யுபிஐ வைத்திருக்கிறார்கள். வங்கியின் செய்தியில் இருப்பது ஓர் ஆளின் பெயரும் ஒரு தொகையும்தான். அந்த ஆள் பால் விற்கிறாரா, என் ஓரகத்தியின் தம்பியா என்று செயலிக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்குச் சில வங்கிகள் சின்னத் தொகைகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதையே நிறுத்திவிட்டன. எங்கள் வீட்டில் பணம் ஒழுகுவதே சின்னத் தொகைகளில்தான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பெரிய வேடிக்கை 2025 பிப்ரவரியில் நடந்தது. சம்பா நெல்லில் வீட்டுக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு 112 சிப்பத்தைக் கொள்முதல் நிலையத்தில் போட்டோம். சிப்பம் 40 கிலோ, சன்ன ரகத்துக்கு அப்போது குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். 1,09,760 ரூபாய் என் கணவரின் வங்கிக் கணக்குக்கு வந்தது. அதை அவர் அப்படியே என் கணக்குக்கு மாற்றினார். செயலி துள்ளிக் குதித்தது. இந்த மாதம் உங்கள் வருமானம் பல மடங்கு உயர்ந்திருக்கிறது, வாழ்த்துகள் என்று பட்டாசு வெடிக்கும் படம் காட்டியது. அது ஒரு மாத வருமானமா? ஆவணியில் நாற்று விட்டதிலிருந்து ஆறு மாதம் சேற்றில் நின்ற கூலி, கடனுக்கு வாங்கிய உரம், அறுவடை இயந்திர வாடகை எல்லாம் அதற்குள் இருக்கிறது. மார்ச் மாதம் அதே செயலி, உங்கள் வருமானம் கவலைக்கிடமாகக் குறைந்துவிட்டது என்று சிவப்பில் எழுதியது. அதற்கு முன், ஐப்பசியில் நகையை அடகு வைத்து வாங்கிய 60,000 ரூபாயையும் வருமானத்தில்தான் சேர்த்திருந்தது. கடன் வாங்கியதற்கு ஒரு வாழ்த்து, அதை அடைத்ததற்கு ஓர் எச்சரிக்கை.

இந்தச் செயலிகளெல்லாம் மாதச் சம்பளக்காரர் ஒருவரை நிறுத்தி வைத்து அளவெடுத்துத் தைத்தவை. ஒன்றாம் தேதி சம்பளம், ஐந்தாம் தேதி வாடகை, மாத முடிவில் மிச்சம். காவிரி டெல்டாவில் வருஷத்துக்குக் குறுவை, சம்பா, தாளடி என்று நெல் போகங்களின் பெயர்தான். அந்தச் சட்டை எங்களுக்குத் தோளில் பிடிக்கிறது, இடுப்பில் தொங்குகிறது.

பிப்ரவரி முடிவதற்குள் அதே செயலியில் கடன் அழைப்புகளும் வரத் தொடங்கின. ஐந்து நிமிடத்தில் 50,000, ஆவணம் வேண்டாம். என் வரவு செலவு முழுவதையும் படித்துப் பார்த்துவிட்டு, இவளுக்குப் பணமுடை எப்போது வரும் என்று தெரிந்துகொண்டு கேட்கிறது. இலவசமாகக் கணக்கு எழுதுகிறவருக்கு எங்கிருந்தாவது வருமானம் வந்தாகத்தானே வேண்டும்? நான் பயன்படுத்தியது வேறு செயலி; ஆனால் இந்தத் தொழில் போகும் திசைக்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. குறுஞ்செய்தியைப் படித்துச் செலவுக் கணக்கு எழுதி நம் நாட்டில் பேர் வாங்கிய வால்நட் செயலியை, 2018-இல் கேப்பிட்டல் ஃப்ளோட் என்ற கடன் நிறுவனம் வாங்கியது. பிறகு அதன் பெயர் ஆக்சியோ ஆனது. கடன் கொடுப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் அடகுச் சீட்டைப் பார்த்தவர் என்னிடம் கடன் விற்க வரக்கூடாது. குறுஞ்செய்தி அனுமதி கொடுத்தால் வங்கிச் செய்தி மட்டுமல்ல, ரகசியக் குறியீட்டு எண் (ஓடிபி) வரும் செய்தியும் அதன் கண்ணில் படும் என்பதையும் அப்போதுதான் யோசித்தேன். அன்றே அழித்துவிட்டேன்.

அடுத்தது, ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் ஏற்பாட்டின் வழியாக வங்கிக் கணக்குகளை ஒரே இடத்தில் காட்டும் செயலி. 2021 முதல் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு இது. குறுஞ்செய்தியைத் திருட்டுத்தனமாகப் படிப்பதைவிட நூறு மடங்கு கண்ணியமானது. எந்தக் கணக்கை, எத்தனை நாளுக்கு, எதற்காகக் காட்டுகிறோம் என்று நம்மிடம் கேட்டுச் சம்மதம் வாங்குகிறார்கள். வேண்டாம் என்றால் திரும்பப் பெறலாம். நகரத்தில் மூன்று வங்கிக் கணக்கும் மியூச்சுவல் ஃபண்டும் வைத்திருப்பவருக்கு இதைத்தான் சொல்வேன். எனக்கோ, பயிர்க்கடன் வாங்கியிருக்கும் கூட்டுறவுக் கடன் சங்கம் அந்தப் பட்டியலில் இல்லை. நடவுக் கூலி ரொக்கம். ஏலச்சீட்டு ரொக்கம். வீட்டில் ஓடும் பணத்தில் முக்கால் பங்கு அதன் கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு மாதம் வைத்திருந்து எடுத்துவிட்டேன்.

மூன்றாவதாக மகள் காட்டியது அமெரிக்காவின் ஒய்.என்.ஏ.பி. என்ற செயலி. கையில் இருக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் முன்கூட்டியே ஒரு வேலை கொடு என்பது அதன் முறை. அதில் எனக்கு முழு உடன்பாடு. 2025-இல் நான் பார்த்தபோது 34 நாள் இலவசம், அதன் பிறகு ஆண்டுக்கு 109 டாலர். என் கணவர் மனக்கணக்குப் போட்டு, "கிட்டத்தட்ட ஏழு மூட்டை டிஏபி உரம்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

நான்காவதுதான் குட்பட்ஜெட். 2025 ஏப்ரல் முதல் நான்கு மாதமாகப் பயன்படுத்துகிறேன். இது நம் குறுஞ்செய்தியைப் படிக்காது. நானே கையால் எழுத வேண்டும். பணத்தை உறை உறையாகப் பிரித்து வைப்பதுதான் இதன் முறை. மகள் இதை விளக்கியபோது பக்கத்தில் இருந்த என் மாமியார், "இது பத்தாயம்தானே?" என்றார். அவர்கள் வீட்டுப் பத்தாயத்தில் சாப்பாட்டு நெல் ஓர் அறை, கூலிக்கு அளக்கும் நெல் ஓர் அறை, விதைநெல் தனி அறை. எவ்வளவு முடை வந்தாலும் விதைநெல் அறைப் பலகையைத் தூக்கக்கூடாது. எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

உறைகளில் இரண்டு வகை. மாதா மாதம் நிரப்புபவை ஒன்று. ஆண்டுக்கொரு முறையோ ஒழுங்கில்லாமலோ வரும் செலவுகளுக்கானவை இன்னொன்று. எங்களுக்கு இந்த இரண்டாவது வகைதான் உயிர். நெல் பணத்தில் நகையை மீட்டு, சங்கத்துக் கடனைக் கட்டியதுபோக (தவணைத் தேதிக்குள் கட்டினால் வட்டி இல்லை என்பதால் அதை ஒருநாளும் தள்ளிப்போடுவதில்லை) ஏப்ரல் ஒன்றாம் தேதி கையில் 41,000 இருந்தது. அதை உட்கார்ந்து பிரித்தேன். 'விதைநெல்' என்று பெயரிட்ட உறையில் குறுவைக்கு 18,000, கல்லூரிக் கட்டணத்துக்கு 12,000, மொய்க்கு 5,000, மாமியாரின் மருந்துக்கு 2,000, வீட்டுக்கு 4,000. உறைகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்துக்கொள்ளலாம். கடை வருமானத்தை ஞாயிற்றுக்கிழமை எண்ணி, மளிகை, பால், மின்கட்டணம் என்று வாராந்திரம் நிரப்புகிறேன். ஓர் உறை வற்றினால் பக்கத்து உறையிலிருந்து மாற்றலாம், மாற்றியது பதிவாகிவிடும். அந்தப் பதிவைப் பார்க்கும்போது வரும் கூச்சம்தான் என்னைப் பல முறை தடுத்தது. வைகாசி முகூர்த்தத்தில் ஒரு பட்டுப் புடவை பார்த்துவிட்டு, மொய் உறையைத் திறந்து, மூடினேன்.

ஒரே கணக்கை இரண்டு கைப்பேசிகளில் பார்க்கலாம் என்பது எதிர்பாராத லாபம். முன்பெல்லாம் "உரத்துக்கு எவ்வளவு இருக்கிறது?" என்று அவர் உரக்கடையிலிருந்து போன் செய்வார், நான் வாடிக்கையாளருக்குக் கழுத்தளவு எடுத்துக்கொண்டிருப்பேன். இப்போது அங்கேயே பார்த்துக்கொள்கிறார்.

குறைகளும் உண்டு. இலவசப் பதிப்பில் உறைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறது. எனவே தைப்பொங்கலையும் தீபாவளியையும் ஒரே உறைக்குள் குடித்தனம் வைத்திருக்கிறேன். கையால் எழுதுவது சிலருக்குச் சலிப்பாக இருக்கும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு நான்கு நிமிடம் ஆகிறது. நோட்டு எழுதிப் பழகிய கை என்பதால் வலிக்கவில்லை. மறந்து போன நாள்களில் மறுநாள் யுபிஐ செயலியின் பட்டியலைப் பார்த்து நிரப்பிவிடுகிறேன்.

மொய்யைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த எந்தச் செயலிக்கும் அது புரியவில்லை. என் நாத்தனார் வீடு பேராவூரணிப் பக்கம். ஆடி, ஆவணி வந்தால் அங்கே மொய் விருந்து. நான் வைக்கும் 2,000 ரூபாய் செலவா? இல்லை, நாளை என் மகள் கல்யாணத்தில் திரும்பி வரும். அப்படியென்றால் சேமிப்பா? எப்போது வரும் என்று நான் சொல்ல முடியாது, வட்டியும் கிடையாது. கடன் கொடுத்தேனா? நாத்தனாரிடம் அப்படிச் சொன்னால் வீட்டுப்படி ஏற முடியாது. மொய் வாங்குகிற பந்தலில் கணினி வைத்து ரசீது அடித்துத் தருகிற காலம் இது. மொய் வைக்கிற வீட்டுக்கு ஒரு கட்டம் போட்டுத்தர இந்த நான்கில் எதற்கும் தோன்றவில்லை. போவதற்கான பணத்தை உறையில் வைக்கிறேன். யார் எவ்வளவு வைத்தார்கள், நாங்கள் எவ்வளவு திருப்பினோம் என்பது பழைய மொய் நோட்டிலேயே இருக்கிறது. ஏலச்சீட்டுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். மாதத் தவணையைச் செலவாகவே எழுதிவிடுகிறேன், சீட்டு எடுக்கும்போது வரவாக.

இன்னொரு முன்னெச்சரிக்கை. அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய மின்ட் என்ற செலவுக் கணக்குச் செயலியை, அதை நடத்திய இன்ட்யூட் நிறுவனம் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. எந்தக் கடையும் ஒருநாள் ஷட்டரை இறக்கலாம். குட்பட்ஜெட்டின் இணையதளத்துக்குப் போய்ப் பதிவுகளைக் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியும். அமாவாசைக்கு அமாவாசை மகள் அதைச் செய்து வைக்கிறாள். இது அவளுக்கு நான் கொடுத்திருக்கும் ஒரே வீட்டு வேலை.

நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை போடுவேன். மீதி ஒன்றரையை, ஜனவரியில் தொடங்காமல் ஜூன் 12-இல் ஆண்டு தொடங்கும் ஒரு செயலிக்காக எடுத்து வைத்திருக்கிறேன். இந்த 2025-இல் அணையை அந்தத் தேதியிலேயே திறந்துவிட்டார்கள். குறுவை நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது. உறையில் இருந்த 18,000 போதவில்லை, மீதிக்குச் சங்கத்துக் கடன்தான். ஆனால் இந்த முறை நகை பீரோவிலேயே இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உறைகளை ஒருமுறை திறந்து பார்த்தேன். களை எடுத்த கூலி போக 'விதைநெல்' உறையில் 640 ரூபாய் இருக்க வேண்டும். 400தான் இருக்கிறது. இன்று காலை 9:10-க்கு என் கணவரின் கைப்பேசியிலிருந்து ஒரு பதிவு: 'விரால் மீன், 240'. மாலை வரட்டும், கேட்டுக்கொள்கிறேன்.