பைன் ரிட்ஜ் ஹோலி ரோசரி மிஷன்: கடையோடு திரும்பிவிடாதீர்கள்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ரஷ்மோர் மலையில் செதுக்கிய அதிபர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் பைன் ரிட்ஜுக்குப் போய் வாருங்கள். அமெரிக்கப் பழங்குடிகளான லகோட்டா மக்களில் ஓக்லாலா பிரிவினரின் மண் அது. ஊருக்குச் சற்று வடக்கே, 1888இல் இயேசு சபைக் குருக்கள் தொடங்கிய ஹோலி ரோசரி மிஷன் வளாகம். பள்ளி, கோயில், கல்லறைத் தோட்டம், ஹெரிட்டேஜ் சென்டர் என்ற கலைக்கூடம், அதோடு ஒரு கடை.

கடையில் இருப்பவை லகோட்டா கலைஞர்களிடமே வாங்கியவை, நம்பி வாங்கலாம். முள்ளம்பன்றி முள் வேலைப்பாட்டைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். சாயமேற்றிய முள்ளை ஊறவைத்து, பல்லால் இழுத்துத் தட்டையாக்கி, ஒவ்வொன்றாக மடித்துத் தோலில் தைப்பதுதான் பழைய முறை. நான் பார்த்த காதணியில் நகத்தின் அகலத்துக்குள் எத்தனை மடிப்பு என்று எண்ணத் தொடங்கி பாதியில் விட்டுவிட்டேன். அப்புறம் நட்சத்திரப் போர்வை. துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் கலை மிஷன்கள், பள்ளிகள் வழியாக வந்தது. லகோட்டா பெண்கள் அதில் தங்கள் விடிவெள்ளியை வைத்தார்கள். காட்டெருமைத் தோல் போர்வை இருந்த இடத்துக்கு இது வந்துவிட்டது, இன்று பிறப்புக்கும் இறப்புக்கும் இதைத்தான் போர்த்துகிறார்கள். இரண்டு பண்பாடுகளும் பேசிக்கொண்டதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பழைய கோயில் 1996 புனித வெள்ளியன்று தீயில் போய்விட்டது. இப்போதிருப்பது அதன்பின் கட்டியது, கண்ணாடி சன்னல்களில் லகோட்டா கோலங்கள். வெயில் படும் நேரமாகப் பார்த்து உள்ளே போங்கள்.

மேட்டில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குக் கட்டாயம் ஏறுங்கள். தலைவர் ரெட் கிளவுட் அங்கேதான் இருக்கிறார், 1909இல் இறந்தவர். அரசாங்கம் அந்தப் பகுதியை எப்பிஸ்கோப்பல் என்ற கத்தோலிக்கரல்லாத கிறித்தவ சபைக்கு ஒதுக்கியிருந்தது. அவரோ கறுப்பு அங்கிக்காரர்கள்தான் வேண்டும் என்று விடாமல் கேட்டு இயேசு சபையினரை வரவழைத்தார். தன் பிள்ளைகள் புதிய உலகத்திலும் பிழைக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு. அந்தக் கவலைக்குக் கிடைத்த பதில்தான் மனதை அறுக்கிறது. அந்தக் காலத்து உறைவிடப் பள்ளிகள் பிள்ளைகளின் தலைமுடியை வெட்டின, தாய்மொழியைப் பேசவிடாமல் அடக்கின, குடும்பத்திலிருந்தே பிரித்தன.

இந்த இடம் அதை மூடி மறைக்கவில்லை, நான் இதைப் பரிந்துரைக்க அதுதான் காரணம். 2022இல் குறியில்லாத கல்லறைகள் இருக்கின்றனவா என்று ரேடார் வைத்துத் தேடினார்கள். பள்ளி இப்போது ரெட் கிளவுட்டின் லகோட்டா பெயரையே, மஹ்பியா லூட்டா என்று, தாங்கியிருக்கிறது. லகோட்டா மொழியும் அங்கே பாடம். போனது திரும்பாது, சரி. ஆனால் மன்னிப்பு என்று வாயால் சொல்லிவிட்டுப் போவதற்கும் இதற்கும் நிறைய தூரம் உண்டு.

நேரமிருந்தால் மாண்டர்சன் வரை போய் பிளாக் எல்க் கல்லறையையும் பாருங்கள். லகோட்டா மரபில் சடங்கு செய்து குணமாக்கும் வைத்தியராக இருந்து, 1904இல் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்று, மறையைக் கற்பிக்கும் வேதியராக ஊர் ஊராகப் போனவர். அவரைப் புனிதராக்கும் பணியை ராபிட் சிட்டி மறைமாவட்டம் 2017இல் தொடங்கியது. அவர் லகோட்டா வழிபாட்டின் புனிதப் புகைக்குழாயை விட்டாரா, செபமாலையோடு சேர்த்தே பிடித்தாரா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அங்கே யாராவது பேச முன்வந்தால் உட்கார்ந்து கேளுங்கள், அவசரப்படாதீர்கள். கல்லறைகளில் வேண்டுதலாக வைத்திருக்கும் புகையிலை முடிச்சுகளைத் தொடாதீர்கள், கேட்காமல் படமும் எடுக்காதீர்கள்.