இவான்ஸ் ப்ளூ சாயத்தூள்: மலிவுதான், கழுவத் தெரிந்திருக்க வேண்டும்

கடுமையான நுரையீரல் காயத்தில் ரத்த நுண்குழாய்களின் உள்சுவர் தளர்ந்து, பிளாஸ்மாப் புரதம் திசுவுக்குள் கசியும். சுண்டெலியில் அதை அளக்கப் பல ஆய்வகங்கள் இன்றும் இந்தத் தூளைத்தான் எடுக்கின்றன. சாயம் ரத்தத்தில் அல்புமின் என்ற பிளாஸ்மாப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், அல்புமின் போகிற இடமெல்லாம் நீலமும் போகும். நீலத்தின் அடர்த்தியை அளக்கச் சாதாரண ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரே (ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி) போதும்.

சலைனில் 0.5 சதவீதக் கரைசல், 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டியது. 25 கிராம் சுண்டெலிக்கு வால் சிரையில் 0.1 மி.லி., அதாவது கிலோவுக்கு 20 மி.கி. ஊசி விலகினால் வால் நீலமாக உப்பும். அந்த எலியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நிறம் பளிச்சென்று தெரியட்டும் என்று டோஸை ஏற்றுவது வீண். அல்புமினில் ஒட்ட இடமில்லாத சாயம் தனியாகவே கசியும். பிறகு அளப்பது புரதக் கசிவே அல்ல. மாட்டு அல்புமின் 4 சதவீதக் கரைசலில் சாயத்தை முன்கூட்டியே கலந்து செலுத்துவது இன்னும் நம்பகமானது.

ஆளைக் கவிழ்ப்பது நுரையீரலின் ரத்தத்தைக் கழுவி வெளியேற்றும் கட்டம். இதயத்தின் இடது ஏட்ரியத்தை (மேலறை) வெட்டிவிட்டு, வலது கீழறை வழியே ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுப்பது) சேர்த்த பஃபர் கரைசலை விட்டால் நல்ல நுரையீரல் வெளுத்துவிடும். காயம்பட்டதில் திட்டுத்திட்டாகச் சிவப்பு நிற்கும். நுண்ணிய ரத்தக்கட்டிகளும் வீக்கமும் அடைத்த இடத்தில் பஃபர் நுழையாது. அங்கே தேங்கிய ரத்தத்தின் சாயமும் கசிவாகவே பதிவாகும். ரத்தச் சிவப்பணுக்களின் நிறமியான ஹீமுக்கான வழக்கமான திருத்தம் (740 நானோமீட்டரில் வந்த ஒளி உறிஞ்சலை 1.426-ஆல் பெருக்கி, 0.030 கூட்டி, 620 நானோமீட்டரில் வந்ததிலிருந்து கழிப்பது) ஹீமின் நிறத்தை மட்டுமே நீக்கும், தேங்கிய சாயத்தை அல்ல.

பிறகு திசுவை அரைத்து, சாயத்தைக் கரைத்தெடுக்க இரண்டு பங்கு ஃபார்மமைடு கரைப்பான் சேர்த்து 60 டிகிரியில் 18 மணி நேரம். ஃபார்மமைடு கருவைப் பாதிக்கும். ஃப்யூம் ஹுட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு), கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

எந்தச் சுவர் உடைந்தது என்பதை மட்டும் திசுவின் நீலம் பிரித்துச் சொல்லாது. காற்றறையின் எபிதீலியமும் (உட்படலம்) போய்விட்டதா என்று தெரிய லாவேஜ் திரவத்தில் (காற்றறைகளைக் கழுவி எடுத்தது) புரதம் பார்க்க வேண்டும், அதுவும் வேறு எலியில். லாவேஜ் செய்தால் சாயமும் கொஞ்சம் கழுவிப் போய்விடும்.

வாங்கும்போது லேபிளில் சாய அளவைப் பாருங்கள். முக்கால் பங்கு மட்டுமே சாயமாக இருக்கும் தூளும் விற்பனையில் உண்டு. எடைக்கணக்கை நம்பாமல், ஊசிக்கு எடுத்த அதே பாட்டிலிலிருந்தே ஸ்டாண்டர்ட் கர்வ் (தெரிந்த அளவுகளை வைத்து வரையும் ஒப்பீட்டுக் கோடு) போடுங்கள். திசுச்சாற்றில் உள்ள அதே ஃபார்மமைடு விகிதத்தில்.