கேட்டலினா கோபி வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டில் சிறிய கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள், அதிலும் புதிதாகத் தொடங்கியிருப்பவர்கள், கேட்டலினா கோபி என்ற பெயரில் விற்கப்படும் செம்மஞ்சள் நிற மீனுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நெடுநாளாக நடந்துவரும் ஒரு கடையில் இந்த மீனை இரண்டு முறை வாங்கினேன். இரண்டு முறையும் இழந்தேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இந்த மீனை இப்படி விற்பது அந்த ஒரு கடை மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

என்னுடையது 75 லிட்டர் கொள்ளும் பவளத் தொட்டி. நீரின் வெப்பம் 78 டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 25.5 டிகிரி செல்சியஸ், நீரின் உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025. அவ்வளவு சிறிய இடத்தில் பெரிய மீனை விட்டு வதைக்க மனம் வராததால் கோபி வகையில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். நம் ஊர்க் கழிமுகங்களில் உளுவை என்கிறோமே, அந்தக் குடும்பம்தான். சேற்று நிற உளுவைகளை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு, செந்தூர நிற உடலில் நீலக் கோடுகள் மின்ன, விரல் நீளம்கூட இல்லாமல் பாறை மேல் ஒட்டி உட்கார்ந்திருந்த அந்த மீனிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனாலும் உடனே வாங்கிவிடவில்லை. என் தொட்டி 78 டிகிரியில் இருக்கிறது, பவளங்கள் இருப்பதால் அதைக் குறைக்க இயலாது, இது தாங்குமா என்று தெளிவாகவே கேட்டேன். எந்தக் கடல்நீர்த் தொட்டியிலும் நன்றாக வாழும் என்று விற்பனையாளர் உறுதியாகச் சொன்னதோடு, தங்கள் தொட்டியின் வெப்பமானியையும் காட்டினார். அதிலும் 78 தான். விலை 30 டாலர், 14 நாட்களுக்கு உயிர் உத்தரவாதம்.

முதல் மீன் ஏழு வாரம் இருந்தது. வந்த மறுநாளே மைசிஸ் இறாலைத் தின்றது, நிறம் மங்கவில்லை, யாருக்கும் பயந்து ஒளியவுமில்லை. ஐந்தாம் வாரத்துக்குப் பின் செவுள்கள் வேகமாக அடிக்கத் தொடங்கின. பம்பிலிருந்து நீர் பாயும் இடத்திலேயே போய் உட்காரத் தொடங்கியது. ஒருநாள் காலையில், உடலில் ஒரு புள்ளியோ காயமோ இல்லாமல், மணல்மேல் இறந்து கிடந்தது. நீரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சோதித்துவிட்டு, மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் நைட்ரேட் சற்றே கூடுதல், அதனால்தான் இறந்திருக்கிறது என்றார்கள். 45 டாலருக்கு இரண்டு புட்டி மருந்தையும், பெரிய உபகாரம்போல் பாதி விலைக்கு இன்னொரு மீனையும் கொடுத்தார்கள். பிழை என்னுடையதுதான் என்று நம்பி, வாரம் இருமுறை நீர் மாற்றினேன். இரண்டாவது மீன் ஐந்து வாரம்தான் தாங்கியது.

உண்மை எனக்குத் தெரியவந்தது கடலோரத்தில். கடலில் மூழ்கிப் படமெடுக்கும் பழக்கமுள்ள அலுவலக நண்பர் ஒருவர், மே மாதத்தில் என்னை லாஸ் ஏஞ்சலிஸ் கரைக்கு அப்பால் உள்ள கேட்டலினா தீவுக்கு அழைத்துப் போனார். அவலான் ஊரில், கசீனோ முனையில், 7 மில்லிமீட்டர் தடித்த உடையும் தலைக்கவசமும் அணிந்து அவர் இறங்கினார். கரையில் நின்று காலை நனைத்த எனக்கே சில நிமிடங்களில் மரத்துப்போயிற்று. திரும்பி வந்தவர் காட்டிய படங்களில் என் மீன் இருந்தது; ஒன்று இரண்டு அல்ல, பாறை இடுக்கு தோறும், கடல்முள்ளெலியின் முட்களுக்கு இடையிலும்கூட. அவர் கையில் கட்டியிருந்த கருவி காட்டிய வெப்பம் 62 டிகிரி பாரன்ஹீட், 17 செல்சியஸுக்கும் குறைவு.

லித்ரிப்னஸ் டாலி என்று 1890-இல் அறிவியல் பெயர் பெற்ற இந்த மீன், கலிபோர்னியக் கரையையும் கலிபோர்னிய வளைகுடாவையும் சேர்ந்தது. பவளப்பாறை மீனே அல்ல. தென் கலிபோர்னியக் கடல் குளிர்காலத்தில் 14 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். கோடையில்தான் 20-ஐ ஒட்டி வரும். நீர் சூடாகச் சூடாக மீனின் உடலுக்குப் பிராணவாயு கூடுதலாகத் தேவைப்படும். நீரில் கரைந்திருப்பதோ குறையும். 15 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் கரைந்திருக்கும் கடல்நீரில், 25 டிகிரியில் 7-க்கும் குறைவாகவே இருக்கும். என் மீன் பம்பின் வாயருகே போய் உட்கார்ந்தது ஏன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதை நினைக்கும்போது இன்றும் வேதனையாக இருக்கிறது.

இந்த விற்பனையில் உள்ள வஞ்சகம் அந்த 14 நாள் உத்தரவாதத்தில்தான் இருக்கிறது. இந்த மீன் சூட்டில் உடனே சாவதில்லை. தின்றுகொண்டும் நிறம் காட்டிக்கொண்டும் சில வாரங்கள் தாக்குப்பிடிக்கிறது. உத்தரவாதம் முடிந்து நெடுநாள் கழித்து அது இறக்கும்போது, வாங்கியவர் தன் நீரையும் தன் கைப்பக்குவத்தையும்தான் சந்தேகிப்பார். நான் திரும்பிச் சென்று முறையிட்டபோது, முதலில் நைட்ரேட் என்றவர்கள், இது குறைந்த ஆயுள் கொண்ட மீன் என்று பேச்சை மாற்றினார்கள். அதில் பாதி உண்மை: தன் கடலிலேயே இதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுதான் ஆயுள். ஐந்து வாரத்துக்கும் ஒன்றரை ஆண்டுக்கும் உள்ள தூரத்தைப் பற்றி அவர்களிடம் பதில் இல்லை. பணமும் திரும்ப வரவில்லை.

இந்த மீனைத்தான் வளர்க்க வேண்டும் என்றால், நீரை 16 முதல் 20 டிகிரி செல்சியஸில் நிறுத்தக்கூடிய சில்லர் என்ற குளிர்விப்புக் கருவியோடு, அதற்கென்றே தனித் தொட்டி அமைக்க வேண்டும். சில்லரின் விலை மீன் விலையைப் போலப் பல மடங்கு. வெப்பக்கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் இதே அளவுள்ள நியான் கோபியைத் தேடலாம். அது வெதுவெதுப்பான கடலின் மீன். பண்ணைகளில் பல பத்தாண்டுகளாக இனப்பெருக்கம் செய்யப்படுவதால் கடலிலிருந்து பிடிக்க வேண்டியதுமில்லை. எந்த மீனானாலும் அதன் அறிவியல் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அது வாழும் கடலின் வெப்பம் என்ன என்பதை வீட்டுக்கு வந்து நீங்களே தேடிப் பார்த்தபின் வாங்கச் செல்லுங்கள். கடைக்காரரின் வெப்பமானி அந்த மீன் இன்று எந்தச் சூட்டில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும்.

சென்ற சனிக்கிழமை அதே கடையில் ஆறு கேட்டலினா கோபிகள் இருந்தன. தொட்டியின் வெப்பம் 79.