ப்ரீஆம்புக்கு பவர் சப்ளை மாற்றம்: மதுரைக் கரண்டில் ஐந்து வருஷம் ஓட்டியபின்

என்இ 5532 ஐசி போட்ட ப்ரீஆம்ப் (ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வரும் சின்ன சிக்னல் போர்டு), பிளஸ் மைனஸ் 15 வோல்ட் சப்ளை. 7815, 7915 (நிலையான 15 வோல்ட் தரும் ரெகுலேட்டர்கள்) இருந்த பழைய போர்டுக்குப் பதில் எல்எம் 317, 337 (வோல்ட்டை நாமே அமைத்துக்கொள்ளும் ரெகுலேட்டர்கள்) போர்டு. 15-0-15 ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் (நடு வயரிலிருந்து இரு பக்கமும் 15 வோல்ட்) 18-0-18. இரண்டு மாற்றத்தில் காதுக்குத் தெரிந்தது ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டும்தான். விலை கூடிய ரெகுலேட்டர் போர்டைத் தேடி அலைகிறவர்கள் முதலில் மல்டிமீட்டரை பிளக் பாயின்ட்டில் வைத்துப் பார்க்கலாம்.

காரணம் வெறும் கணக்கு. 230 வோல்ட் வந்தால் 15 வோல்ட் செகண்டரியின் (ட்ரான்ஸ்ஃபார்மரின் வெளிச் சுற்று) உச்சம் 1.4 மடங்கு, அதாவது 21. டயோடில் 0.7 போக 20.5, தாராளம். அலங்காநல்லூர், மேலூர் பக்கம் பம்புசெட் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் லைன் 190-க்கு இறங்கினால் அதே உச்சம் 17.5, டயோடு போக 16.8. 7815-இன் இன்புட்டில் குறைந்தது 17 வேண்டும். அதற்குக் கீழே போனால் ரெகுலேட்டர் கைவிட்டுவிடும், ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) அப்படியே வெளியே வரும். லோடு குறைவாக இருக்கும்போது சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் எழுதியதைவிட ஒன்றிரண்டு வோல்ட் கூடத் தரும் என்பதால் கடை மேஜையில் சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும்.

இன்வெர்ட்டர் இன்னும் மோசம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் உச்சமும் ஆர்எம்எஸ் அளவும் (எழுதியிருக்கும் வோல்ட்) ஒன்றுதான், 1.4 மடங்கு கிடைக்காது. 15 வோல்ட் செகண்டரி 15-ஐயே தரும். கரண்ட் போனதும் ப்ரீஆம்ப் ரீங்கரிக்கிறது என்றால் பாதி நேரம் இதுதான் விஷயம்; ஐசியை மாற்றிப் புண்ணியமில்லை. 18-0-18 கூட அங்கே விளிம்பில்தான் நிற்கும். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் கவலையில்லை.

ஹம்மை (ஸ்பீக்கரில் கேட்கும் ரீங்காரம்) காதால் பிரித்துவிடலாம். 50 ஹெர்ட்ஸ் தடித்த அடிக்குரல்: எர்த் லூப் (எர்த் இரண்டு வழியில் சேர்ந்து வளையமாவது), அல்லது ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலம் ஏறுகிறது. 100 ஹெர்ட்ஸ் ஒரு ஸ்தாயி மேலே, கொஞ்சம் கரகரப்போடு: அது ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் பக்கம்.

18-0-18 போட்டால் மேல்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 250 வோல்ட் வந்தால் கண்டன்சரில் 27, லோடு இல்லாவிட்டால் அதற்கும் மேல். 35 வோல்ட் கண்டன்சர் நெருக்கடி, 50 வோல்ட் வாங்குங்கள். பிளஸ், மைனஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் 2200 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) போதும்; 50 மில்லி ஆம்பியருக்கு ரிப்பிள் கால் வோல்ட்டைத் தாண்டாது. 10,000 போடுவது பெருமைக்குத்தான், சார்ஜ் ஆகும் துடிப்பு கூர்மையாகி வயரிங்கில் ஹம் ஏறும். ரெகுலேட்டரில் அரை வாட்டுக்கு மேல் சூடு போகும். ஐசி தாங்கிவிடும், சித்திரை வெயிலில், மூடிய பெட்டிக்குள் பக்கத்தில் நிற்கும் கண்டன்சர் தாங்காது. 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதி. சின்ன ஹீட் சிங்க் போட்டு, கண்டன்சரை ஒரு அங்குலம் தள்ளி வையுங்கள்.

317-க்கு 220 ஓம், 2.4 கே ரெசிஸ்டர்கள் வைத்தால் 15 வோல்ட். 2.4 கே கிடைக்காவிட்டால் 2.2 கே போடலாம், 13.9 வரும். 5532-க்கு அதுவே தாராளம், லோ வோல்டேஜில் ஒரு வோல்ட் மிச்சமும் கிடைக்கும். அட்ஜஸ்ட் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 எம்எஃப்டி வைத்தால் ரிப்பிள் தடுப்பு சுமார் 65 டெசிபலிலிருந்து 80-க்கு ஏறும். மலிவு போர்டுகளில் விட்டுப்போவது இந்த ஒரு கண்டன்சர்தான். அதை வைத்தால் அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் நடுவே ஒரு 1என் 4007 டயோடு வைப்பது நல்லது. 337-க்கு அவுட்புட்டில் குறைந்தது 10 எம்எஃப்டி இல்லாவிட்டால் ஆஸிலேட் ஆகும். ஒவ்வொரு 5532-இன் 4, 8 கால்களுக்கு நடுவே ஒரு 104 (0.1 எம்எஃப்டி) கண்டன்சர்.

கெடுவது பெரும்பாலும் கால் மாற்றிப் போடுவதால். 7815 இருந்த ஓட்டையில் 317 நேராக உட்காராது. 317 அட்ஜஸ்ட், அவுட், இன். 337 அட்ஜஸ்ட், இன், அவுட். 317-இன் முதுகுத் தகடு அவுட்புட், 337-இன் தகடு இன்புட். மைக்கா (மின்சாரம் கடத்தாத மெல்லிய தகடு) இல்லாமல் இரண்டையும் ஒரே ஹீட் சிங்கில் முடுக்கினால் பியூஸ் போவது உறுதி.

ட்ரான்ஸ்ஃபார்மரின் நடு வயரை நேரே சேஸிஸுக்கு (உலோகப் பெட்டிக்கு) கொண்டுபோகக் கூடாது. முதலில் இரண்டு பெரிய கண்டன்சர்கள் சேரும் இடம், அங்கிருந்து ஒற்றை வயராக ஸ்டார் பாயின்ட் (எல்லா கிரவுண்டும் சேரும் ஒரே இடம்). ட்ரான்ஸ்ஃபார்மரைக் கட்டி வாங்குவதானால் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே ஷீல்ட் கேட்டு, அதை எர்த்தில் கொடுங்கள்.

லைன் இன்புட் மட்டும் கேட்கிறவர்களுக்கு இதற்கு மேல் செலவு வீண். ரெக்கார்ட் பிளேயருக்கான ஃபோனோ போர்டு இருந்தால் கதை வேறு: ஆர்ஐஏஏ திருத்தம் (ரெக்கார்டில் குறைத்துப் பதிந்த அடிக்குரலைத் திரும்பத் தூக்குவது) 50 ஹெர்ட்ஸை 1000 ஹெர்ட்ஸைவிட 17 டெசிபல் தூக்கும். அங்கே ட்ரான்ஸ்ஃபார்மரைத் தனிப் பெட்டியில் வைத்து, ஒரு முழ வயரில் டிசியாகக் கொண்டுவருவது எந்த ரெகுலேட்டரையும்விடப் பலன் தருகிறது.