டிக்கெட்டில் இருப்பது யாருடைய கார்டு நம்பர் என்று பாருங்கள்

அம்மாவைக் காசிக்குக் கூட்டிப்போக நான்கு டிக்கெட் எடுத்தேன். சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து வாரணாசி, போக வர 46,000 ரூபாய். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிராவல்ஸில் முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்தேன். அந்த விமான நிறுவனத்தில் பைலட்டுகளுக்குச் சம்பளம் தாமதமாகிறது என்று பேப்பரில் படித்திருந்ததால் அப்போதே கேட்டேன். "அண்ணே, இவ்வளவு பெரிய கம்பெனியை மூடிருவானா? நான் இருக்கேன்ல" என்றார். பயணத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது எல்லா விமானங்களும் நின்றுபோயின.

டிராவல்ஸ்காரர் கையை விரித்துவிட்டார். "கம்பெனியே போயிருச்சுண்ணே. என் டெபாசிட்டே உள்ள மாட்டிக்கிச்சு." நம்பினேன். அம்மா கட்டி வைத்த பை ஒரு வாரம் கூடத்திலேயே கிடந்தது. யாருக்கும் அதைப் பிரிக்க மனம் வரவில்லை.

ஏழு மாதம் கழித்து, வங்கியில் வேலை பார்க்கும் என் மச்சான் அந்த டிக்கெட் தாளை வாங்கிப் பார்த்தார். பணம் கட்டிய விவரம் என்ற வரியில் ஒரு கிரெடிட் கார்டின் கடைசி நான்கு எண்கள் இருந்தன. "மாப்ளே, நீங்க ரொக்கமாத்தானே குடுத்தீங்க? இது யாரு கார்டு?"

டிராவல்ஸ்காரரின் சொந்தக் கார்டு அது. கார்டில் வாங்கிய சேவை கிடைக்கவில்லை என்றால், கார்டு கொடுத்த வங்கியில் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். சார்ஜ்பேக் என்பார்கள். விமான நிறுவனம் திவாலாகியிருந்தாலும் இந்த வழியில் பணம் வர வாய்ப்பு உண்டு. அவருக்கு வந்திருந்தது, எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து. ஏழு மாதமாக அதை வைத்துக்கொண்டுதான் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்.

எல்லா டிராவல்ஸ்காரர்களும் இப்படி என்று சொல்லமாட்டேன். விமான நிறுவனத்திடம் முன்பணம் கட்டி வைத்து, அதிலிருந்து டிக்கெட் போட்டவர்களுக்கு உண்மையிலேயே பணம் மாட்டிக்கொள்ளும். அந்த உண்மைதான் இவருக்கு வசதியாகப் போனது.

"பெரிய கம்பெனி" என்ற பேச்சைத் தயவுசெய்து நம்பாதீர்கள். ஜெட் ஏர்வேஸைவிடப் பெரிய பெயரா? 1993 மே மாதம் நரேஷ் கோயல் நான்கு வாடகை போயிங் விமானங்களோடு தொடங்கியது. அரசின் இந்தியன் ஏர்லைன்ஸை விட்டால் வேறு கதியில்லை என்றிருந்த காலத்தில், நேரத்துக்குக் கிளம்பி, நல்ல சாப்பாடும் கொடுத்து மக்களை இழுத்தார்கள். 2007-இல் ஏர் சஹாரா என்ற இன்னொரு விமான நிறுவனத்தை 1,450 கோடிக்கு வாங்கினார்கள். பலரும் அதைத்தான் சறுக்கலின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. மலிவு விலை நிறுவனங்கள் கட்டணத்தை இறக்கிக்கொண்டே போன நேரம் அது. 2013-இல் அபுதாபியின் எதிஹாட் விமான நிறுவனம் 24 சதவீதப் பங்கு வாங்கியதால் கொஞ்ச காலம் மூச்சு வந்தது. கடைசியில் 8,000 கோடிக்கு மேல் வங்கிக் கடன். வாடகை கட்டாததால் விமானங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் நின்றன. 120-க்கு மேல் இருந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தன. 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் பறந்ததோடு சரி. மீட்கும் முயற்சிகள் ஐந்து வருடம் இழுத்து, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொத்துகளை விற்றுக் கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டது.

அப்படி விற்று வரும் பணத்தில் கடன் கொடுத்த வங்கிகளுக்கும் தொழிலாளர்களுக்கும்தான் முதலிடம். டிக்கெட் எடுத்த நாம் வரிசையில் மிகவும் பின்னால் நிற்கிறோம். கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் 2023 மே மாதம் பறப்பதை நிறுத்தியபோதும் பயணிகளின் நிலை இதுதான். அதனால்தான் கார்டு இவ்வளவு முக்கியம்.

விமான டிக்கெட்டை உங்கள் பெயரில் உள்ள கார்டிலேயே எடுங்கள். டிராவல்ஸ் மூலம் எடுத்தாலும் உங்கள் கார்டைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். சம்பளப் பாக்கி, வாடகைப் பாக்கி, தினமும் ரத்து என்று செய்தி வர ஆரம்பித்தால் அந்த நிறுவனத்தில் மாதக்கணக்கில் முன்பதிவு வேண்டாம். விமானம் நின்றால் அன்றைக்கே வங்கியில் புகார் கொடுங்கள். சார்ஜ்பேக்குக்குக் காலக்கெடு உண்டு. ஏற்கெனவே ரொக்கம் கொடுத்து ஏமாந்தவர்கள் பழைய டிக்கெட்டை எடுத்து அந்த நான்கு எண்களைப் பாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நான் அந்தத் தாளோடு போய் நின்றதும் டிராவல்ஸ்காரர் முகம் மாறிவிட்டது. "கணக்குல கவனிக்கலண்ணே" என்று 25,000 கொடுத்தார். அப்புறம் போனை எடுக்கவே இல்லை. மீதி 21,000-க்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அந்த டிக்கெட்டின் நகலை இணைத்து. அம்மாவைப் போன மாதம் ரயிலில் காசிக்குக் கூட்டிப்போய் வந்தேன்.